எருக்கம்பாலும் எதிர்வீட்டு பிலோமினாவும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் கணவர் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, தூரத்தில் கடலில் நின்ற கப்பல்களை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... சரியாகச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கப்பல் எண்ணினால் அழுவார்களா என்கிறீர்களா? கேளுங்கள்.

நாளெல்லாம் நின்றே பாடம் நடத்துபவள் நான். ஒரு மாதமாகக் குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் ஆணி மேல் மிதித்தது போல இருக்கும். மாத்திரை, மெத்து மெத்தென்று செருப்பு... ஒன்றும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு பிலோமினா பார்த்தாள். காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்பவள். என் வயதுதான்.

"இன்னா டீச்சர், இப்டி நொண்டிகினு கீறீங்க? எருக்க எலைய வெச்சி ஒத்தடம் குடுங்க. ஐஸ் தண்ணில நின்னு நின்னு எனக்கும் இதே பேஜாருதான். அதான் சரி பண்ணிச்சு."

செங்கல்லைச் சுட வைத்து, அதன் மேல் இலையைப் போட்டு, பொறுக்கிற சூட்டில் குதிகாலை வைத்து வைத்து எடுக்க வேண்டுமாம். "பழுத்த எலைதான் எடுக்கணும். பச்சையில பால் ஜாஸ்தி. கண்ணுல பட்டா அவ்ளோதான்!"

எருக்கு விஷச்செடி என்று எனக்கும் தெரியும். 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்று சாபமே விடுகிறோம். அதே செடியின் பூவைத்தான் மாலை கட்டிப் பிள்ளையாருக்குப் போடுகிறோம். ரதசப்தமி அன்று அதன் இலையைத் தலையில் வைத்துக் குளிக்கிறோம். மழையே இல்லாவிட்டாலும், ரயில் பாதை ஓரத்துக் கரியிலும் ஜல்லியிலும் ஜம்மென்று நிற்கிறது. என்ன செடி இது!

இலை பறிக்கப் போனவர் என் கணவர். ஹார்பரில் கிரேன் ஓட்டுபவர். பழுத்த இலை வாடிப்போனது, பச்சைதான் ஃப்ரெஷ் என்று அவராகவே முடிவு செய்து கை நிறையப் பறித்துவிட்டார். வழியில் கண்ணில் இறங்கிய வியர்வையைத் துடைத்திருக்கிறார் — அதே கையால். வலிக்கவில்லை. அதனால் என்னிடம் சொல்லவும் இல்லை.

ஒத்தடம் இதமாகத்தான் இருந்தது. சாயங்காலம் பிலோமினா விசாரிக்க வந்தாள். இவர் டிவி முன்னால் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "கேபிள்காரன் சரியில்லை, படம் மங்கலா வருது" என்றார்.

படம் பளிச்சென்று இருந்தது.

பிலோமினா அவர் கையைப் பிடித்து விரல்களைப் பார்த்தாள். காய்ந்த பால் பிசுபிசுத்தது.

"அண்ணே, இந்தக் கையாலயா கண்ண தொட்ட?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழாயடிக்கு இழுத்துப்போய், அவர் கையைச் சோப்பு போட்டுக் கழுவவைத்து, குடம் குடமாகத் தண்ணீரைக் கண்ணில் ஊற்றினாள். தாய்ப்பால் விட்டால் சரியாகிவிடும் என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"சும்மா இரு மாமு! தண்ணி மட்டும்தான். டீச்சர், ஆட்டோ கூப்டுங்க."

ஆட்டோவில் அவர் கேட்டார்: "ஒரு கண்ணு போனா கிரேன்ல ஏத்த மாட்டாங்க, இல்ல?" என் குதிகாலுக்காகப் போனவர்...

கருவிழி வீங்கியிருக்கிறது, உடனே கழுவியது நல்லதாயிற்று என்றார் டாக்டர். சொட்டு மருந்து, இரண்டு வார லீவ். அவர் கண்ணை மறைத்த மூடுபனி கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஞாயிற்றுக்கிழமை கப்பல்கள் தெரிந்தன.

என் குதிகாலா? பாதி தேவலை. பழுத்த இலைதான், நானே போய்ப் பொறுக்கி வருகிறேன். விஷம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவளிடம் மருந்து கேட்டிருக்கிறேன் — அது என் அதிர்ஷ்டம்.

கப்பல் எண்ணி முடித்த கையோடு இவர் அரிவாளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், செடியை வெட்டுவதற்கு. பிலோமினா வாசலிலேயே மறித்தாள்.

"அது பாட்டுக்கு நின்னுகினு கீது. அத வெட்டிட்டா நாளைக்கு என் காலுக்கு யாரு அண்ணே வருவா?"

அந்த அரிவாளால் ஆளுக்கொரு இளநீர் வெட்டிக் குடித்தோம்.