நுரைச் சுவருக்குப் பூசிய தார்

என் அத்தானுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அவரைப் பிடிக்காது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்ததில்லை.

அரை ஆயுளைக் கனடாவில் கழித்த அவரும் அக்காவும் ஊர் திரும்பியது அக்காவின் நெஞ்சுக்காக. அவளுக்கு மூச்சிழுப்பு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வாடகைக்கு எடுத்த வீட்டுச் சுவர் மாரி மழைக்கு ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்து, அவளை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தது. ஈரமில்லாத வீட்டில் இருக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அத்தான் புத்தூரில் தகப்பன்வழிக் காணியில் வீடு கட்டத் தொடங்கினார். சாதாரணக் கல்வீடு அவருக்கு ஆகாது. டீவீப் பெட்டிக்குள் வைத்து வருமே வெள்ளை நுரை, அந்த நுரைப் பலகைகளை இரு பக்கமும் நிறுத்தி நடுவில் கொங்கிறீற் ஊற்றிய சுவர். வெயிலின் சூடு உள்ளே வராதாம். அது உண்மை.

சிக்கல் நிலத்தோரத்தில் இருந்தது. மேற்சுவருக்குப் பூசி நிறமும் அடித்தாயிற்று. நிலத்திலிருந்து முழங்கால் உயரம்வரை நுரை அம்மணமாக நின்றது. வெயில் பட்டு மஞ்சளாகி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. கட்டட வேலைகளை மேற்பார்வை செய்தே ஓய்வுபெற்றவன் நான். கேட்காமலே போய்ச் சொன்னேன். உதிரும் மாவைச் சுரண்ட வேண்டும். ஓரத்து மண்ணைத் தோண்டி, அத்திவாரத்திலிருந்து மேலே வரை நீர்த்தடுப்புத் தாள் ஒட்ட வேண்டும். அதன் மேல் வலை வைத்துச் சீமெந்துப் பூச்சு. தாளின் மேல் விளிம்பை மூட ஒரு தகடு. முற்றத்து மண் அதற்கு ஒரு சாண் கீழேயே நிற்க வேண்டும், கறையான் ஏறினால் கண்ணில் படும். பெற்றோல் கலந்த எதுவும் நுரையில் படக்கூடாது.

“கனடாவிலை உப்பிடி எத்தினை வீடு பார்த்தனான். நீ எனக்குப் பாடம் எடுக்கிறாய்,” என்றார்.

பார்த்தவர்தான். பஸ்ஸுக்குள் இருந்து.

புதுவீட்டில் பால் காய்ச்சும் குடிபூரலுக்கு நாள் குறித்தாயிற்று, எல்லாம் கெதியாக நடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அத்திவாரத்துக்குத் தார் பூசுவது வழக்கம். இளக்கத்துக்குப் பெற்றோல் விட்டு இரண்டு தரம் பூசுவார்கள். கல்லுக்கு அது போதும். அத்தான் சொல்ல, மேசன் நுரைக்கும் அதையே பூசினார். நான் போனபோது சுவர் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது. தாருக்குக் கீழே நுரை சுருங்கி, குளவிக்கூடு போலக் குழிகுழியாக உள்ளே போனது.

“சேர், இது தின்னுது,” என்றார் மேசன், பிறஷைப் பிடித்தபடி.

“பெற்றோல் குடுத்தால் தின்னாமல் என்ன செய்யும்?”

“அண்ணைதான் பூசச் சொன்னவர்.”

“நான் தார் எண்டுதானே சொன்னனான்,” என்று அத்தான் பாய்ந்தார். “சரி, சீமெந்தை அப்பி மூடு. மேலை கருங்கல் மாதிரிக் கோடு கீறிவிடு. ஆர் பாக்கப் போகினம்?”

“கறையான் பாக்கும்,” என்றேன். “மழைத்தண்ணி பாக்கும். பேந்து அக்காவின்ரை நெஞ்சு பாக்கும்.”

“வாயை மூடடா. அழைப்புக் காட் குடுத்து முடிஞ்சுது. சனம் சிரிக்கும்.”

“சனம் திண்டிட்டுப் போயிடும், அத்தான். உதுக்கை இருக்கப்போறது அவ.”

அக்கா குசினி வாசலில் நின்று எல்லாம் கேட்டாள்.

அப்பினார்கள், கோடும் கீறினார்கள். பந்தலுக்கென்று முற்றம் நிறைய மணல் கொட்டிச் சுவரோடு அணைத்துப் பரப்பினார்கள். கறையானுக்குப் படிக்கட்டும் ஆயிற்று.

குடிபூரலன்று பால் பொங்கியது. வந்தவர்கள் கோடுகளைத் தடவி, “கருங்கல்லோ?” என்று கேட்க, அத்தான் கூசாமல் “ஓம்” என்றார். அன்றிரவு வீட்டுக்காரர் அங்கேயே படுக்க வேண்டும் என்பது முறை. பொழுதுபட, அக்கா உடுப்புப் பையோடு வெளியே வந்தாள். அத்தானின் சகோதரிகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கை போறாய்?”

“தம்பி வீட்டை.”

“விசரே உனக்கு? இண்டைக்கு இஞ்சைதான் படுக்கோணும்.”

“நீங்கள் படுங்கோ. பால் காய்ச்சச் சொன்னியள், காய்ச்சினனான். உந்தச் சுவருக்குப் பக்கத்திலை மூச்சுவிட எனக்கு ஏலாது. உதை உடைச்சுச் சரியாக்கிப்போட்டுச் சொல்லுங்கோ, வாறன்.”

நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று அத்தான் என்னை முறைத்தார். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அவள் பாலே காய்ச்சியிருக்க மாட்டாள்.

ஊர் விசாரிக்கத் தொடங்கியதும் அவர் தாங்கவில்லை. என் படலையடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே கேட்டார்.

“உந்தத் தாளை மேலையிருந்து ஒட்டுறதோ, கீழையிருந்தோ?”

“கீழையிருந்து. மேல்தாள் கீழ்த்தாளை மூடி விழவேணும்.”

“வலை?”

“முதல் பூச்சு ஈரமாயிருக்கேக்கை அமத்தோணும்.”

அவர் நன்றி சொல்லவில்லை. நான் தேத்தண்ணி வேணுமோ என்று கேட்கவில்லை.

கருங்கல்லை உடைத்தார்கள். கரைந்த நுரையை வெட்டிப் புதுப்பலகை வைத்து, நான் சொன்ன ஒழுங்கிலேயே எல்லாம் செய்து, மணலையும் வழித்தார்கள். கார்த்திகை மழை கொட்டி முற்றத்தில் வெள்ளம் நின்றபோது அக்கா போய், அறையின் உட்சுவர் அடியை மூலைக்கு மூலை உள்ளங்கையால் தடவினாள். மூக்கைக் கிட்ட வைத்து மணந்தும் பார்த்தாள்.

“காய்ஞ்சு கிடக்கு,” என்றாள். பிறகு அத்தானிடம், “நல்லாச் செய்திருக்கிறியள்.”

அவர் அந்தப் புகழை முழுதாக வாங்கிக்கொண்டார். அக்கா கட்டிலை அந்தச் சுவரோடேயே போடச் சொன்னாள். நானும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப்போய் வைத்தோம். அவர் தன் பக்கத்தை முதலில் விட்டது வேண்டுமென்றே என்றுதான் நினைக்கிறேன். என் கால் பெருவிரல் நகம் கழன்றது.