இரண்டாம் எதிரி மாணிக்கம்

மாணிக்கம் மேஸ்திரி காலமான செய்தியை அவர் மனைவி சரோஜா அக்காதான் போனில் சொன்னார். "மேஸ்திரி போயிட்டாரு செல்வி. நீ வரணும்." வெள்ளிமலையில் பேருந்துக்கு நின்றபோது, எந்த முகத்தோடு போவது என்று கால் தயங்கியது. அவரைச் சிறைக்கு அனுப்பியது என் சாட்சியம்.

சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலை ஒன்றில் அவர் மேஸ்திரியாக இருந்தார். மலையிலிருந்து வேலைக்கு இறங்கிய எங்களையும் "வாங்க, போங்க" என்றே அழைப்பார். முந்தானையை இறுகச் சொருகியிருக்கிறோமா என்று பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். ஆனால் கிழங்கு அரைக்கும் இயந்திரத்தின் பெல்ட்டுக்கு ஒரு மூடி போடவைக்க அவரால் முடியவில்லை. கேட்கும்போதெல்லாம் "வேலை கெடும்" என்பார் முதலாளி. ஒருநாள் "சும்மா ஒரு கையெழுத்து" என்று மேஸ்திரியிடம் ஒரு தாளை நீட்டினார். அன்று முதல் அரசுப் பதிவில் ஆலையின் மேலாளர் மாணிக்கம்தான். வேலையும் சம்பளமும் மாறவில்லை.

பிறகு அந்த பெல்ட் என் வலக்கையை எடுத்துக்கொண்டது.

தொழிற்சாலை ஆய்வாளர் வழக்குத் தொடுத்தார். முதலாளி முதல் எதிரி, இவர் இரண்டாம் எதிரி. நானே கவனமின்றிக் கையை உள்ளே விட்டதாகச் சொன்னால் இருவரும் தப்பலாம். அதைப் பேசிவர முதலாளி இவரையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

"இன்னா சொல்லி அனுப்பினாங்கன்னு ஒங்களுக்கே தெரியும். அத்த உட்டுடுங்க. உள்ளதச் சொல்லுங்க" என்றார்.

"ஒங்களையும் புடிப்பாங்களே மேஸ்திரி?"

"ஸ்விட்சு எங் கைலதான இருந்துச்சு? நிறுத்தியிருக்கணும். நிறுத்தினா வேலை போவும். குடியிருக்கறது அவங்க வூடு, அதுவும் போவும். அத்தயே நெனச்சிக்கினு இருந்துட்டேன்."

நான் உள்ளதைச் சொன்னேன். முழுப் பொறுப்பும் மேலாளருடையது என்று அந்தத் தாளைக் காட்டி முதலாளி விடுதலையானார். மேஸ்திரிக்கு மூன்று மாதம் சிறை. அதே வாரம் வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். வெளியே வந்தவரை எந்த ஆலையும் சேர்க்கவில்லை.

ஒருமுறை கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் எதிர்ப்பட்டார். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க சொன்னது பொய்யா? அப்புறம் இன்னாத்துக்கு மன்னிப்பு? என்னைப் புடிச்சது தப்பில்ல. என்னோட நிறுத்திக்கினாங்க பாருங்க, அதான் தப்பு."

போய்ச் சேர்ந்தேன். அவர் வீட்டில் வாய்க்கரிசி போடும்போது என் முறை வந்தது. "இடக்கையாலயா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். சரோஜா அக்கா அரிசியை அள்ளி என் இடது உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"போடும்மா."

போட்டேன். போய் வாருங்கள், மேஸ்திரி.