பிரேக் எண்ணெய்க்கு ருசி பார்த்தவன்

எங்கள் பட்டாள லாரி இப்போது பிரேக் போட்டால் போட்ட இடத்தில் நிற்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் எழுதப்போவது அது நிற்காமல் போன ஒரு நாளைப் பற்றி.

சித்தப்பாவின் பேத்தி ஓசூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கு வந்து, முழங்கை வரை கிரீஸோடு லாரிக்கு அடியில் படுத்துக்கொள்கிறாள். போன வாரம் அடியில் இருந்தபடியே கேட்டாள்.

“பெரியப்பா, முன்னாடி மட்கார்டுல இவ்ளோ பெரிய நசுங்கல் இருக்கே, தட்டி எடுத்துரட்டுமா?”

வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

சித்தப்பாவைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை. தட்டைப் பாதம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சில வருடங்கள் கழித்து, பெங்களூரில் பட்டாளம் கழித்துக்கட்டிய வண்டிகளை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனவர், பழைய சண்டைக் காலத்து லாரி ஒன்றை வேறொரு லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பட்டாளம் வேண்டாமென்று தள்ளிய இருவரும் எங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒன்று சேர்ந்தார்கள்.

வயல் வேலை முடிந்ததும் சித்தப்பா அங்கேதான் இருப்பார். லாரிக் கதவைச் சுரண்டினால் பச்சை, அதற்கு அடியில் மணல் நிறம், அதற்கும் அடியில் வேறொரு பச்சை. ஒவ்வொரு நிறம் வெளிப்படும்போதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். ஓட்டுநர் இருக்கையில் முட்டையிட்டுப் பழகியிருந்த கோழியை மட்டும் அவரால் கடைசிவரை விரட்ட முடியவில்லை.

அப்பாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. லாரி என்றால் தக்காளி ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

“பட்டாள வண்டிங்ணா. இதுல போயித் தக்காளி ஏத்துறதா?” என்றார் சித்தப்பா.

“பின்ன எதை ஏத்துவ? பீரங்கியா?” என்றார் அப்பா.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருடம் அப்பா கெடு வைத்தார். ஆயுத பூஜையன்று வண்டி தானாகக் கிளம்பி, ஊர்க் கிணற்றடி வரை போய் நின்று, திரும்பி வர வேண்டும். வராவிட்டால் மறுநாளே காயலான் கடைக்காரர் வெட்டி எடுத்துப் போவார். அவரும் ஒருநாள் வந்து, தர்ப்பூசணி வாங்குகிறவர் மாதிரி லாரியைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று சித்தப்பா சாப்பிடவில்லை.

எஞ்சின் ஓடியது. விளக்கு எரிந்தது. பாக்கி இருந்தது பிரேக்தான். மிதியை மிதித்தால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய், சக்கரத்தில் இருக்கும் ரப்பர் கப்புகளைத் தள்ள வேண்டும். அதற்கான எண்ணெய் எங்கள் பக்கம் கிடைக்காது. சித்தப்பா விளக்கெண்ணெயில் ஸ்பிரிட்டைக் கலந்து தானே தயாரித்துக்கொள்வார். “வேற எந்த எண்ணெயும் ஸ்பிரிட்டோட ஒட்டாது. ரப்பரையும் கெடுத்துரும்” என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். விளக்கெண்ணெய் எங்கள் வீட்டுச் சமையலறைப் புட்டியிலிருந்து போகும். அம்மாவே ஆமணக்கை வறுத்து இடித்துக் காய்ச்சியது.

அதே புட்டியிலிருந்துதான் எனக்கும் பேதிக்குக் கொடுப்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு, பெரிய கரண்டி, மூக்கைப் பிடித்து ஊற்றல். அந்த மாதத்து ஞாயிறு நெருங்கியபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து விளக்கெண்ணெயை எருக்குழியில் கொட்டிவிட்டுப் புட்டியில் கடலை எண்ணெயை நிரப்பி வைத்தேன். ஞாயிறன்று அழகாக முகத்தைச் சுளித்து அழுதுகொண்டே குடித்தேன். வயிறு அசையவில்லை. “இவனுக்கு வயிறா, இரும்புப் பொட்டியா?” என்று அம்மா இன்னொரு கரண்டி ஊற்றினார். அதையும் குடித்தேன்.

சில நாள் கழித்துச் சித்தப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அண்ணி, அந்தப் புட்டியக் குடுங்க. பிரேக்குக்கு ஊத்திட்டா வேலை முடிஞ்சிது.”

நான் அங்கேயே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை போதும். சொன்னால் அடி விழும், கரண்டியும் திரும்பி வரும். தலையைக் குனிந்து கடலையை உரித்தேன். அவர் அவசரத்தில் தகர டப்பாவிலேயே கலக்கி, குலுக்கி, ஊற்றிவிட்டார்.

ஆயுத பூஜையன்று லாரிக்குச் சந்தனம், குங்குமம், கதம்பம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். சித்தப்பா எலுமிச்சைகளை நசுக்கிக்கொண்டு கிளம்பியதும் ஊரே கைதட்டியது. என்னையும் ஏறச் சொன்னார். வயிறு வலிக்கிறது என்றேன்.

கிணற்றடிக்கு இறக்கம். பாதி இறக்கத்தில் லாரி வேகமெடுத்தது. சித்தப்பா இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதிப்பது தெரிந்தது. கிணற்றடியில் குடத்தோடு பெண்கள் நின்றிருந்தார்கள். அவர் வண்டியை ஒடித்துத் திருப்பி, ராகித் தாள் போரைத் துளைத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதினார். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அவருடைய இடது கை உடைந்தது.

நாட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு, மறுநாள் காலையில் சித்தப்பா லாரிக்கு அடியில் போய்ப் படுத்தார். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார். சக்கரத்திலிருந்து கழற்றிய ரப்பர் கப்புகள் ஊறி உப்பியிருந்தன. ஒன்று கிழிந்தே போயிருந்தது. மிச்சமிருந்த எண்ணெயைக் கண்ணாடி டம்ளரில் வடித்து வெயிலில் தூக்கிப் பிடித்தார். கீழே மஞ்சளாக எண்ணெய், மேலே தெளிவாக ஸ்பிரிட், நடுவில் கோடு போட்ட மாதிரி. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. அவர் விரலை அடிவரை விட்டு எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டம்ளரை மண்ணில் கவிழ்த்தார்.

அதற்குள் காயலான் கடைக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா கொட்டகைக்கு வந்தார்.

“கையி போச்சு. இன்னும் என்னாடா வண்டி? ஏத்திக் குடுத்துத் தொலை.”

“வண்டி மேல தப்பில்லைங்ணா. நாந்தான் எண்ணெய மாத்தி ஊத்திட்டேன்.”

“மாத்தி ஊத்துனியா? கண்ணு எங்கடா வச்சிருந்த?”

“நாந்தாங்ணா. அடுத்த அறுப்பு வரைக்கும் பொறுங்க. அப்பவும் நிக்கலைன்னா நானே வெட்டித் தர்றேன்.”

அப்பா அவருடைய கைக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காயலான் கடைக்காரருக்கு மோர் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

அந்தக் கை கோணலாகத்தான் கூடியது. கட்டைவிரல் மடங்காது. கடைசிவரை சித்தப்பா உள்ளங்கையால் தள்ளித்தான் கியர் போட்டார். கட்டு இருந்த நாளெல்லாம் அவருடைய இடது கையாக நான் இருந்தேன். போல்ட்டுகளை முடுக்கினேன், புதுக் கப்புகளை மாட்டினேன். மறுபடி எண்ணெய் கலக்கும் நாள் வந்தபோது, புட்டியைத் திறந்து ஒரு சொட்டை என் நாக்கில் விட்டார்.

“ருசி பாரு. என்ன எண்ணெய்?”

“விளக்கெண்ணெய்” என்றேன், குமட்டிக்கொண்டே.

“நல்லாத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும் சித்தப்பா.”

“அப்ப நீயே ஊத்து.”

அறுப்புக்கு முன்பே லாரி கிணற்றடி வரை போய் நின்றது. இந்த முறை நானும் உள்ளே இருந்தேன். எதிரே ஒரு கோழி வந்ததற்காகக்கூட ஒருமுறை நின்றது. அப்பா சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, “ம்” என்றார். தக்காளியைப் பற்றிப் பேசவில்லை.

கடைசிவரை நான் சித்தப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பில்லாமல் இல்லை, ஒவ்வொரு முறை பிரேக்குக்கு எண்ணெய் மாற்றும்போதும் வாய்ப்பிருந்தது. இந்தத் தாளைப் பேத்தியிடம் கொடுக்கப் போகிறேன். நசுங்கலை எடுப்பதும் விடுவதும் இனி அவள் இஷ்டம்.

அந்த வயதில் எனக்கு இருந்ததெல்லாம் பெருமைதான். பட்டாளத்தில் பிரேக் எண்ணெய்க்கு ருசி பார்க்கவென்றே ஓர் ஆளை வைத்திருப்பார்கள் என்று சித்தப்பா சொன்னார். நம்பினேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மாதாமாதம் ஒரு கரண்டிக்கு அழுதவன், லாரிக்காக எத்தனை சொட்டு வேண்டுமானாலும் நாக்கை நீட்டினேன். ஊரில் இத்தனை பையன்கள் இருக்க, அந்த வேலைக்கு என்னை ஏன் வைத்தார் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. என் நாக்கு அவ்வளவு சுத்தம் என்றுதான் நினைத்திருந்தேன்.