நாலு தபா இறக்கிய மூட்டை

"நெஞ்சு வலி இருக்காம்மா?" என்று கேட்டேன். "வலி இல்லீங்க. மார்ல பாரமா கீது, வாய்வுதான்" என்றார். கேஸ் ஷீட்டில் 'வலி இல்லை' என்று எழுதிவிட்டேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் முப்பது வருஷம் நர்ஸாக இருந்து நான் செய்த பெரிய தப்பு அது.

அவர் செல்லம்மா. ஐம்பது வயதிருக்கும். கல்வராயன் மலையிலிருந்து வீட்டுக்காரரோடு வந்திருந்தார். ஈசிஜி நார்மல். டியூட்டி டாக்டர் வாய்வு மாத்திரை எழுதினார். மூணு மணி பஸ்ஸைப் பிடிக்க அந்தம்மா எழுந்துவிட்டார்.

அப்போதுதான் வீட்டுக்காரர் முணுமுணுத்தார்: "மரவள்ளி மூட்டைய தூக்கினா ரோட்டுல வந்துதான் எறக்குவா. இன்னிக்கு நாலு தபா எறக்கி வெச்சிட்டு குந்திக்கினா."

"குந்தினா பாரம் கொறைஞ்சுதா?"

"ஆமாங்க. நடந்தா மறுபடியும் வந்துடுது" என்றார் செல்லம்மா.

"இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"மூட்டைய பத்தி யாரும் கேக்கலியே."

நடந்தால் வந்து, உட்கார்ந்தால் குறையும் பாரம் வாய்வு இல்லை, இதயக் கோளாறு என்று எனக்குச் சுரீரென்றது. டாக்டரிடம் ஓடினேன்.

"ஈசிஜி நார்மல்தானே சிஸ்டர்? பெட்டும் இல்ல."

"என் நாற்காலியில உக்கார வெச்சுக்கறேன் சார். ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு எடுத்துப் பார்த்துடுவோம்."

பஸ் போய்விட்டது. செல்லம்மா என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். "ஆட்டுக்கு யாரு தழை போடறது? உங்களுக்கு இன்னா!"

"ஆடு ஒரு நாள் பட்டினி கெடந்தா சாவாது. நீ செத்துடுவ, உக்காரு!" என்று நானும் கத்தினேன். ஒன்றுமில்லை என்றால் என் மானம் போகும், இருந்தால் அந்தம்மா உயிர் போகும்.

இரண்டாவது ஈசிஜியில் கோடு மாறியிருந்தது. டாக்டர் அதை இரண்டு முறை பார்த்தார். பிறகு ஆஸ்பிரினைத் தன் கையாலேயே கொடுத்து, மென்று விழுங்கச் சொன்னார். ஆம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அடைப்பை எடுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அந்தச் செய்தி வந்ததும் மருந்து அறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஒரு ஈசிஜி அந்த நிமிஷத்தை மட்டும்தான் சொல்லும். நேற்று செய்த வேலையை இன்று செய்ய முடிகிறதா என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

நாலு மாதம் கழித்து செல்லம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "இவளும் வாய்வுன்றா சிஸ்டர். ஈசிஜி எடுங்க. நல்லா கீதுன்னு வந்தாலும் வுட்டுடாதீங்க, உக்கார வெச்சி இன்னொண்ணு எடுங்க."