மூன்றாவது பல்

தன் கையால் அராவிய சாவி எங்கே கிடந்தாலும் அவருக்கு அடையாளம் தெரிந்துவிடும். கடைத்தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் மடங்கி உட்காரும் இடத்தில், இருபத்தாறு வருஷமாகச் சாவி செய்கிறவர். மெஷினில் வெட்டியதை அவர் சாவி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். மூன்றாவது பல்லின் பின்பக்கத்தை மயிரிழை சாய்த்து அரம் போட்டால்தான் பூட்டில் சிக்காமல் வரும் என்பார். "பள்ளிக்கூட வாசல்ல சொந்தப் புள்ளையத் தேடிக்கிட்டு நிப்பாரு. சாவின்னா மட்டும் ஊருக்கே அடையாளம் சொல்லுவாரு" என்று மனைவி கேலி செய்வாள்.

புதன்கிழமை காலை சாதாரண உடையில் இரண்டு பேர் வந்து போலீஸ் அட்டையைக் காட்டினார்கள்.

"ஸ்டேஷன் வரைக்கும் வாங்கண்ணே. சின்ன வேலை ஒண்ணு."

ஏதோ பீரோவைத் திறக்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். போலீசே தேடி வந்ததில் உள்ளுக்குள் ஒரு மிதப்பு. பக்கத்துத் தையல்காரரிடம், "கடையப் பாத்துக்கப்பா. நம்ம கை படாம அங்க ஒண்ணும் திறக்க மாட்டேங்குதாம்" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

ஸ்டேஷனில் திறக்க ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர் வீட்டில் நகை போயிருந்தது. கதவு உடையவில்லை, கள்ளச்சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். எழுத்தர் பெட்டியை மேஜைமேல் கவிழ்த்து ஒவ்வொன்றாக எழுதினார். அரம் நான்கு. கொக்கிக் கம்பி பதினொன்று. மேலே தலைப்பு: 'கைதானவர் வசமிருந்து கைப்பற்றிய, பூட்டுத் திறக்கும் கருவிகள்.' அதைத் தலைகீழாகப் படித்தபோதுதான், தான் கைதாகியிருப்பதே அவருக்கு உறைத்தது.

மத்தியானம் மனைவி ஒரு வக்கீலம்மாவை அழைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயா, நாளைக்குக் காலையில ஜட்ஜ் முன்னாடி நிறுத்துவாங்க. அதுக்குள்ள ஜாமீன் மனு எழுதிடறேன். அவங்க கையில உருப்படியா ஒண்ணும் இல்ல, நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம். அதுவரைக்கும் பேரும் விலாசமும் மட்டும் சொல்லுங்க. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

"நான் தப்பே பண்ணலியேம்மா. உள்ளதச் சொன்னா என்ன?"

"சொல்லலாம், நான் பக்கத்துல இருக்கும்போது. இங்க நீங்க பத்து வார்த்தை சொன்னா, அவங்களுக்கு வேண்டிய மூணு வார்த்தையத்தான் எழுதுவாங்க."

"என்னங்க, வாய்க்கு ஒரு பூட்டப் போட்டுக்கங்க. சாவிய நான் எடுத்துட்டுப் போறேன்" என்றாள் மனைவி. சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

அவர்கள் போன பிறகு அதிகாரி வந்தார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. மின்விசிறியை இவர் பக்கம் திருப்பி வைத்தார். டீ வரவழைத்தார். இரண்டு மணி நேரம் எதைக் கேட்டாலும் இவர் பெயரையும் விலாசத்தையும் தாண்டவில்லை. கடைசியில், டாக்டர் வீட்டு வாசலில் கிடந்து எடுத்த ஒரு சாவியைப் பிளாஸ்டிக் உறையோடு அதிகாரி மேஜைமேல் போட்டார்.

"இது உங்க வேலையா இருக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன். பாருங்க, அவசரத்துல மெஷின் துப்பின மாதிரி இருக்கு. பஸ் ஸ்டாண்டுல எவனோ வெட்டியிருக்கான்."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு சாவியைப் பார்த்தார்.

"இதையெல்லாம் காசு குடுத்து வாங்கறாங்க பாருங்க" என்று அதிகாரி உறையை எடுக்கப் போனார்.

"மெஷினா? சார், அந்த மூணாவது பல்லக் கொஞ்சம் பாருங்க. எந்த மெஷின் சார் இந்தச் சாய்வு போடும்? இது என் அரம் சார்!"

அறையில் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் அவசரமாக எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"ஒரு அம்மா வந்தாங்க சார். கையில பச்சைக் குடை. சொந்த வீடு, புள்ளைங்க தொலைச்சிடுதுங்க, இன்னொண்ணு வேணும்னு சாவியக் குடுத்தாங்க..."

இப்போது பேனா ஓடவில்லை. எழுத்தர் அதன் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"டீயக் குடிங்கண்ணே, ஆறிடப் போகுது" என்றார் அதிகாரி.

தாளை நீட்டினார்கள். படித்தார். பச்சைக் குடை எங்குமே இல்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். 'கையெழுத்திட மறுத்தார்' என்று அதையும் கீழே எழுதிக்கொண்டார்கள்.

மறுநாள் கோர்ட்டில் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. சாவி தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார், கருவிகளும் அவரிடமே இருந்தன என்று அரசு வக்கீல் வாசித்தார். வக்கீலம்மா திரும்பி இவரைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. இவர் அவசரமாகக் காதோரம் சொன்னதை வைத்துக் குடைக்காரப் பெண்ணைப் பற்றி வாதாடினாள். "அப்படி ஒன்றும் இதில் இல்லையே" என்று ஜட்ஜ் தாளைப் புரட்டினார். பதினைந்து நாள் காவல். ஜாமீன் மனு அடுத்த வாரம்.

சிறைக்குள் நுழைந்தபோது வெயில் இறங்கவில்லை. அவரை உள்ளே விட்டுவிட்டுக் காவலர் கதவைப் பூட்டினார். பூட்டு விழுந்தது, சாவி வெளியே வரவில்லை. காவலர் ஆட்டினார், இழுத்தார். "என்ன எழவு சாவியோ, தினமும் இதே ரோதனை. இது ஏன் சிக்குதுன்னு எவனுக்காவது தெரியுமா?"

உள்ளேயிருந்து பார்த்தாலே அவருக்குத் தெரிந்தது. கட்டைவிரல் தானாக அரம் பிடிப்பதுபோல் மடங்கியது.

அவர் வாயைத் திறக்கவில்லை.