அண்ணன் சொன்ன ஆங்கிலம்

மதினி வரப்போகிறாள் என்று தெரிந்த பிறகுதான் நான் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினேன். அதற்கு முன்பு பள்ளிக்கூடத்தில் படித்தது கணக்கில் வராது. அங்கே மனப்பாடம் செய்தோம், பரீட்சையில் கொட்டினோம், லீவு விட்டதும் மறந்தோம். தமிழ்வழியில் பி.காம். முடித்து, திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் பில் போட்டுக்கொண்டிருந்த எனக்கு ஆங்கிலம் இல்லாமல் எந்தக் குறையும் இருந்ததில்லை. வெங்காயத்துக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

அண்ணன் துபாயில் ஏசி மெக்கானிக். அங்கே நர்ஸாக இருந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் பூசையில் பார்த்துப் பழகி, கல்யாணத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டான். போனில் சொன்னபோது அம்மா அழுதாள். பிறகு, "வேதக்காரிதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சில மாதங்கள் கழித்து, மதினி உண்டாகியிருக்கிறாள், இருவரும் ஒரு மாத லீவில் எங்கள் ஊர் வடமதுரைக்கு வருகிறார்கள் என்று அடுத்த சேதி வந்தது.

அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு. தலைப்பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். ஆனால் மதினிக்குத் தாய் இல்லை, சிறுவயதிலேயே போய்விட்டாள் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அப்படியானால் தாய் செய்யவேண்டியதை நாம்தானே செய்யவேண்டும், பிள்ளை இங்கேதான் பிறக்கவேண்டும் என்று அம்மா முடிவுகட்டிவிட்டாள். அதை வருகிறவளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. "நீ படிச்சவதானே, நாலு வார்த்தை கத்துக்க" என்றாள் என்னிடம்.

மண்டி வேலை மதியத்தோடு முடிந்துவிடும். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் தடுப்பு, மாட்டினால் காது வலிக்கும் ஒரு ஹெட்போன். ஆங்கிலம் இலவசமாகக் கற்றுத்தரும் தளங்கள் நிறைய இருப்பதாக அங்கே இருந்த பெண் சொன்னாள். உண்மைதான், எக்கச்சக்கமாக இருந்தன. அதுதான் சிக்கலே. ஒன்றில் பரீட்சை வைத்தார்கள், நான் நடுத்தர நிலை என்று வந்தது. சந்தோஷத்தில் இன்னொன்றில் எழுதினேன், ஆரம்ப நிலை என்றது. மூன்றாவது ஒன்று என்னைப் பாராட்டிவிட்டு, வயதைக் கேட்டு, ஒரு பூனைப் படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னது. ஒரு தளத்தில் சரி என்று சொன்ன வாக்கியத்தை இன்னொரு தளம் வெள்ளைக்காரர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்றது. எந்த வெள்ளைக்காரர்கள் என்று அது சொல்லவில்லை.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழிக்கே திரும்பினேன். உரையாடல் பாடங்களை எடுத்து மனப்பாடம் செய்தேன். விமான நிலையத்தில், ஓட்டலில், மருத்துவரிடம் என்று வரிசையாக இருந்தன. நெட் மெதுவாக வரும். குரல் பாதியில் நின்று, சக்கரம் சுற்றி, பிறகு மீதி வரும். அந்த இடைவெளியையும் சேர்த்தே நான் படித்தேன். நல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுவில் நிறுத்தி யோசித்துத்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

திருச்சி விமான நிலையத்தில் மதினியைப் பார்த்ததும் முதல் பாடத்தின் முதல் வரியை எடுத்துவிட்டேன். பயணம், சற்று நிறுத்தி, எப்படி இருந்தது? அவள் வெளிறிய முகத்தோடு வேகமாக ஏதோ சொன்னாள். பாடத்தில் இந்த இடத்தில் வரும் பதில் எனக்குத் தெரியும், பயணம் நீளம்தான் ஆனால் இனிமையாக இருந்தது என்று. அதற்கான மறுமொழியும் தயாராக இருந்தது. "அற்புதம், கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மதினி ஒரு கணம் முழித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வழியெல்லாம் வாந்தி எடுத்தேன் என்றுதான் அவள் சொன்னாளாம். அண்ணன் காரில் ஏறும்வரை என்னைக் கேலி செய்துகொண்டே வந்தான். "நான்தான் இருக்கேன்ல, ஒனக்கு எதுக்கு இந்த வேல?" என்றான்.

அவன் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் அம்மா தமிழில் பேசுவாள், அவன் ஆங்கிலத்தில் சொல்வான், மதினி பேசுவாள், அவன் தமிழில் சொல்வான். எல்லாம் ஓடியது. மதினியின் ஆங்கிலம் நான் ஹெட்போனில் கேட்டது போலவே இல்லை. அவளும் எங்கோ படித்து வந்ததுதானே. எனக்குப் பத்தில் மூன்று வார்த்தை பிடிபடும், அதுவும் வாக்கியம் முடிந்த பிறகுதான் பிடிபடும். சாயங்காலம் செபமாலை சொல்லும்போது மட்டும் யாருக்கும் யாரும் தேவைப்படவில்லை. அம்மா தமிழில் சொல்வாள், மதினி அவள் பாஷையில் சொல்வாள், இரண்டும் ஒரே இடத்தில் போய் முடியும்.

வந்து ஒரு வாரம் போனதும், சாப்பிடும்போது அம்மா அந்தப் பேச்சை எடுத்தாள். மதினியின் தட்டில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள். "பிரசவத்துக்கு இங்கயே இருக்கச் சொல்லு அப்பு. அவளுக்குத்தான் தாய் இல்லையே. நான் பாத்துக்கிறேன்னு சொல்லு."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னான். சின்ன வாக்கியங்கள், மெதுவாகத்தான் சொன்னான். அதில் அம்மா வந்தாள், கவலை வேண்டாம் என்பது வந்தது, வேலைக்குத் திரும்பிப் போகலாம் என்பது வந்தது. தங்குவது வரவில்லை. பிள்ளை வரவில்லை. மதினி அம்மாவைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு, புரிகிறது என்று சொன்னாள். அது எனக்கும் புரிந்தது. அண்ணன் அம்மா பக்கம் திரும்பி, "இங்க வெக்கை அவளுக்கு ஒத்துக்கலயாம்மா. அங்கன்னா ஆஸ்பத்திரி வசதின்னு சொல்றா" என்றான்.

அம்மா குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளிலிருந்து மதினியிடம் அவள் முகம்கொடுத்துப் பேசவில்லை. மதினியும் அடுப்படிப் பக்கம் வருவதை விட்டுவிட்டாள்.

அண்ணன் மாற்றிச் சொன்னானா, எனக்குத்தான் விளங்கவில்லையா? நானோ ஒரு தளத்தில் ஆரம்ப நிலை. வாந்தி எடுத்தேன் என்றவளிடம் அற்புதம் என்று சொன்னவள். அண்ணன் வருஷக்கணக்காக ஆங்கிலத்திலேயே பிழைக்கிறவன். ஆங்கிலத்தில் ஒன்றைச் சுற்றிவளைத்துச் சொல்லும் வழிகள் எத்தனையோ இருக்கும். வேலைக்குப் போகலாம் என்றால், பிள்ளை பெற்ற பிறகு நிதானமாகப் போகலாம் என்ற அர்த்தமும் அதற்குள் இருக்குமோ என்னவோ. ராத்திரி படுக்கும்போது அவன் ஏமாற்றுகிறான் என்று தோன்றும், காலையில் பல் விளக்கும்போது எனக்குத்தான் மண்டையில் ஒன்றும் இல்லை என்று தோன்றும்.

அந்தத் தளங்களில் ஒன்றில், படிப்பவர்கள் சந்தேகம் கேட்க ஒரு பக்கம் இருந்தது. தெரிந்தவர்கள் யாராவது பதில் போடுவார்கள். மண்டி முடிந்ததும் போய் அண்ணன் சொன்ன இரண்டு வாக்கியங்களையும் அப்படியே டைப் செய்தேன். ஒருவர் தன் வீட்டில் வந்து தங்கச் சொன்னதை ஆங்கிலத்தில் இப்படியும் சொல்லலாமா, எனக்குப் போகச் சொல்வதாகப் படுகிறதே என்று கேட்டேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் நாலைந்து பதில்கள். ஒருவர் வினைச்சொல்லைத் திருத்தியிருந்தார். இன்னொருவர் அந்தத் திருத்தத்தைத் திருத்தியிருந்தார். வேலை என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' வரவேண்டுமா கூடாதா என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டது ஒன்று, இவர்கள் அடித்துக்கொள்வது ஒன்று. எரிச்சலாக வந்தது. இலவசமாகக் கிடைப்பது இப்படித்தான் இருக்கும் என்று திட்டிக்கொண்டே மூடப்போனேன். கடைசியில் ஒரு பதில் இருந்தது. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவர் எழுதியிருந்தார்: இதில் சின்னப் பிழைகள் உண்டு, ஆனால் அர்த்தத்தில் குழப்பம் இல்லை. இந்த வாக்கியங்களில் யாரும் யாரையும் தங்கச் சொல்லவில்லை, போகத்தான் சொல்கிறார்கள். நீங்கள் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அவரைத் தங்கச் சொல்லவேண்டுமென்றால் இப்படிச் சொல்லுங்கள் என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே, நீங்களே நேரில் கேட்டுவிடலாமே என்று இன்னொரு வரி.

என் ஆங்கிலம் சரி என்று முதன்முதலில் ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். அது தப்பாக இருந்திருக்கக்கூடாதா என்று எனக்கு அழுகை வந்தது.

அந்த ஒரு வரியைப் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வெளியே போயிருந்தான். மதினி பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சின்னவெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், மதினி இருக்கும் பக்கம் பார்க்காமல். நான் நடுவில் போய் நின்றேன். இடைவெளிகளையெல்லாம் விட்டுவிட்டு ஒரே மூச்சில் சொன்னேன். பிரசவத்துக்கு நீங்கள் எங்களோடு தங்கவேண்டும் என்று அம்மா விரும்புகிறார்.

மதினியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. பிறகு மடமடவென்று பேசினாள். கண்ணில் தண்ணீர். எந்தப் பாடத்திலும் இல்லாத வேகம். நான் பிடித்தது கொஞ்சம்தான். உன் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன் என்றாள். தங்கச் சொன்னால் தங்குவேன் என்றாள். அவர் வேறு மாதிரி சொன்னாரே என்றாள்.

"என்ன சொல்றா?" என்றாள் அம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். அன்று சாப்பாட்டில் அண்ணன் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அம்மா வெங்காயக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன்மேல் கோபப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"இம்புட்டு நாளா ஒனக்குப் புரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வது? புரிந்தது என்றால் ஏன் சொல்லவில்லை என்பாள். புரியவில்லை என்றால் இப்போது மட்டும் எப்படி என்பாள். புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. அதைத் தமிழிலேயே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகன் சொன்ன பொய் அவளுக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது, மகள் வாயை மூடிக்கொண்டிருந்ததுதான் பெரிதாகப் பட்டது. அந்த ஆத்திரம் எனக்கு நெடுநாள் இருந்தது.

அண்ணன் வந்ததும் ஒருவரும் சத்தம் போடவில்லை. அவனே வாசற்படியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். "எனக்கு வேல போயி நாளாச்சும்மா. இப்ப இவ சம்பளந்தான். இவளும் இங்க ஒக்காந்துட்டா என்ன செய்யிறது?" அதைப் போனில் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறான், நேரில் சொல்ல அதைவிட வெட்கப்பட்டிருக்கிறான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். மதினி சம்பளமில்லாத லீவு கேட்டு எழுதினாள், கிடைத்தது. அண்ணன் மட்டும் திரும்பிப் போய், முன்னதைவிடச் சின்னதாக ஒரு வேலையைத் தேடிக்கொண்டான்.

அவன் போனபிறகு வீட்டில் இருந்த ஒரே ஆங்கிலம் என்னுடையதுதான். நான் மண்டியிலிருந்து வரும்வரை இருவரும் சொல்லவேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்திருப்பார்கள். பையை வைப்பதற்குள் ஆரம்பித்துவிடும். பிரவுசிங் சென்டருக்குப் போவதை நான் நிறுத்தவில்லை, பாடங்கள் இப்போது நன்றாகவே விளங்கின.

ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள், மதினி மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்து வந்தாள். அம்மா அரிசி புடைத்தபடி என்னிடம், ஆனால் அவளுக்கும் கேட்கும்படி சொன்னாள். "பகல் பூரா இப்பிடிப் படுத்தே கெடந்தா பிள்ள எப்பிடிப் பொறக்கும்? நம்ம ஊருப் பிள்ளையா இருந்தா இந்நேரம் நாலு கொடம் தண்ணி தூக்கியிருப்பா."

அம்மா என்ன சொல்கிறார் என்று மதினி கேட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் எனக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. குடத்துக்குக்கூடத் தெரிந்திருந்தது. நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்கிறார் என்றேன். மதினி முகமெல்லாம் மலர்ந்து, அம்மாவைப் பார்த்து நன்றி என்றாள், மிகவும் நன்றாகத் தூங்கினேன் என்றாள்.

"என்ன சொல்றா?" என்றாள் அம்மா.

"நாளையிலேர்ந்து நடக்குறாளாம்மா" என்றேன்.

அம்மா திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு மறுபடி புடைக்கத் தொடங்கினாள்.