வானத்தைப் பார்த்த வீரனும் மணிவண்ணனின் கட்டை விரலும்

வீடியோ கேம் கடை வைத்திருப்பவள் உண்மையில் வாடகைக்கு விடுவது தன் அபிப்பிராயத்தைத்தான். கன்சோல் அதோடு வரும் இலவச இணைப்பு.

எந்தக் கடையாக இருந்தாலும் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என் சக துயரர்களே, உங்களுக்குத் தெரியும். "எது நல்லா இருக்கும்?" என்று கேட்பவர் நம் பதிலைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு வேறொன்றைத்தான் எடுப்பார். துணிக்கடையில் அது சேலை. வில்லியனூர் கடைத்தெருவில் இருக்கும் என் கடையில் அது ஆட்டம். என்னிடம் மூன்று தலைமுறைக் கன்சோல்கள், அதாவது டிவியில் மாட்டி ஆடும் பெட்டிகள், உண்டு: கேசட் செருகும் கிழவர், டிஸ்க் போடும் நடுவயதுக்காரர், ஆட்டத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் புது மாப்பிள்ளை. வரலாற்றில் முதுகலை படித்தவள் என்பதால் மூன்றைப் பற்றியும் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

விவசாயம் ஒரு விளையாட்டு

நெட்டப்பாக்கத்திலிருந்து தனசேகர் வந்தார். கரும்பும் நெல்லும் போடுகிறவர். தினமும் வயலில் நிற்கிற மனிதருக்கு மாறுதலாக விண்வெளிச் சண்டை ஒன்றைப் பரிந்துரைத்தேன். அவர் கேட்டுக்கொண்டே விவசாய ஆட்டத்தை எடுத்தார். டிராக்டர் ஓட்டலாம், விதைக்கலாம், அறுக்கலாம். மழை சொன்ன நேரத்துக்கு வரும், மோட்டாருக்குக் கரண்ட் போகாது. இதில் தடையே கிடையாது, தடை இல்லாதது விளையாட்டே இல்லை என்று அவருக்கு விளக்கினேன். மரியாதையாகத் தலையாட்டிவிட்டுக் கொண்டுபோனார்.

ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுக்கும்போது முகம் வாடியிருந்தது. என்ன ஆயிற்று என்றேன்.

"ஆட்டம் நல்லாத்தான் இருக்குதுக்கா. எங்கப்பா ஒரு தபா பாத்துட்டாரு. இப்ப நெஜ நெலத்துக்கு வரமாட்டேன்றாரு."

மீனவருக்கு மீன்பிடி ஆட்டம்

கோடையில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுகள் கரையேறிவிடும், வீராம்பட்டினத்து ஆட்கள் என் கடை ஏறுவார்கள். அப்படி வந்தவர்தான் மணிவண்ணன். தடை தொடங்குவதற்குச் சற்று முன்னால் படகில் கயிறு இழுக்கும்போது வலது கட்டை விரலின் நரம்பு அறுந்து, தைத்திருந்தார்கள். காயம் ஆறிவிட்டது, விரல்தான் மடங்க மறுத்தது. ஒரு ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டே இருக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அலுத்துப்போன மணிவண்ணன் பந்தைத் தெருநாய்க்குப் போட்டுவிட்டார்.

"விரலுக்கு வேலை குடுக்கற ஆட்டமா ஒண்ணு குடுக்கா. படகு எங்க சித்தப்பாவோடது. தடை முடியறதுக்குள்ள நான் கயிறு புடிக்கலன்னா என் எடத்துல வேற ஆள ஏத்திடுவாரு. அவரு சொன்னா சொன்னதுதான்."

மீனவருக்கு மீன்பிடி ஆட்டத்தைக் கொடுத்துப் பார்க்கும் ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு. கடையிலேயே டிஸ்க் கன்சோலில் போட்டு உட்காரவைத்தேன். தூண்டிலில் மீன் கடித்தால் கையிலிருக்கும் கன்ட்ரோலர் அதிரும், பட்டனை அழுத்தி அழுத்திச் சுருட்ட வேண்டும். வெகுநேரம் போராடி ஒரே ஒரு மீனைக் கரைசேர்த்தார். திரையில் பட்டாசு வெடித்தது. மீனின் எடையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இத்துனூண்டு மீனுக்கு வெடி வேறயா? இத எடுத்துனு போனா எம் பொண்டாட்டி கதவே தொறக்கமாட்டாக்கா."

உலகின் மிகச் சிறந்த ஆட்டம்

அடுத்து என் சொந்த மருந்தை எடுத்தேன். கேசட் கன்சோலின் டாங்கி ஆட்டம். செங்கல் சுவர்களுக்கு நடுவே ஒரு கோட்டை, அதைக் காக்க ஒரு டாங்கி, சுட ஒரு பட்டன். கதை கிடையாது, வசனம் கிடையாது. நம் சுவரை நாமே சுட்டு உடைத்துவிட்டு எதிரியைத் திட்டலாம். ராஜதந்திரம் பற்றி நான் கல்லூரியில் படித்ததைவிட இதில் கற்றது அதிகம். சுடும் பட்டன் சரியாக வலது கட்டை விரலுக்குக் கீழே இருக்கிறது என்பதால் மணிவண்ணனுக்காகவே செய்தது போலிருந்தது.

இரண்டே நாளில் பிரமாதமாக ஆடினார். நான் பெருமையோடு எட்டிப்பார்த்தேன். கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலால் குத்திக்கொண்டிருந்தார்! கட்டை விரல் பக்கத்தில் சும்மா படுத்துக் கிடந்தது. கல்லாவிலிருந்த பிளாஸ்திரியை எடுத்து ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சேர்த்துச் சுற்றிவிட்டேன். அதற்குப் பிறகு அவருடைய டாங்கி சுடவேயில்லை, கோட்டை விழுந்துகொண்டே இருந்தது. கூட வந்த கூட்டாளி கவலையோடு கேட்டார்:

"இன்னாக்கா, நல்லா இருந்த வெரலையும் கட்டிட்ட?"

மழை வருமா?

பொறுமையிழந்த மணிவண்ணன் புது மாப்பிள்ளைக் கன்சோலில் வாள் வீரன் ஆட்டத்தைக் கேட்டார். மலை, காடு, குதிரை, முடியாத பாதை. என் அபிப்பிராயத்தில் இது விளையாட்டல்ல, சுற்றுலா. பல மணிநேரம் நடந்துபோனால் ஒருவன் வந்து இன்னும் நடக்கச் சொல்வான். அதைச் சொன்னேன், அவரும் எல்லாரையும் போலக் கேட்டுக்கொண்டார்.

இந்த ஆட்டத்தில் வீரன் பார்க்கும் திசையை மாற்ற வலது கட்டை விரலால் ஒரு சிறிய குச்சியைத் திருப்ப வேண்டும். மணிவண்ணனின் விரல் குச்சியை மேலே தள்ளியது, கீழே இழுக்க மடங்கவில்லை. வீரன் வானத்தைப் பார்த்தபடியே நடந்து மரத்தில் மோதினான், ஆற்றில் விழுந்தான், ஓநாயிடம் கடி வாங்கினான். சுற்றியிருந்தவர்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். மணிவண்ணன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார்.

"இன்னாடா இவன், மழை வருமான்னே பாத்துனு கெடக்கறான்" என்றார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்காரியின் விசாரணை

சில நாள் அவர் வரவில்லை. அவர் மனைவி ரேவதி வந்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "இன்னாக்கா பண்ண அவர? மூலைல குந்திக்கினு கைய பாத்துனே இருக்கறாரு. சித்தப்பா வேற ஒரு ஆளுகிட்ட பேசிட்டாராம்."

நடந்ததைச் சொன்னேன். எந்த ஆட்டம் என்று காட்டச் சொன்னார். உட்கார்ந்து தானே வீரனைக் கொஞ்ச தூரம் நடத்தினார், குதிரையில் ஏறும்போது உடம்பையும் சேர்த்துத் தூக்கினார். இறங்கி வந்து கன்சோலை வீட்டுக்கு வாடகைக்குக் கேட்டார். டாங்கி ஆட்டம்தான் மருத்துவ ரீதியாகச் சரி என்று நான் ஆரம்பித்தேன்.

"அதுல அவரு தோத்தாருன்னா கோட்டதான விழுவுது? இதுல அந்த ஆளு பாவம் மேலயே பாத்துனு நிக்கறான். அவன கீழ எறக்காம இவரு தூங்கமாட்டாருக்கா."

சித்தப்பா வந்தார்

தடை முடியும் தறுவாயில் மணிவண்ணன் கன்சோலைத் திருப்பிக் கொண்டுவந்தார். வந்ததும் கடையிலேயே போட்டுக் காட்டினார். வீட்டில் முதல் சில நாள் மேகம் மட்டும் தெரிந்ததாம். பிறகு மலையுச்சி, பிறகு ஒரு கூரை. இப்போது வீரன் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

விரலை வந்து பார்க்கும்படி மணிவண்ணன் சொல்லியனுப்பியிருந்த சித்தப்பா அந்த நேரத்தில் உள்ளே வந்தார். தோளில் ஒரு சுருள் கயிறு. வாசலோரம் இருந்த என் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டி, "கட்டு" என்றார். மணிவண்ணன் அதை ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சுற்றி, கட்டை விரலை மடக்கிக் கயிற்றைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டார். நெற்றியில் வியர்வை. சித்தப்பா கயிற்றை இரண்டு கையாலும் இழுத்தார். காலைக் கொடுத்து இழுத்தார். ஜன்னல் கம்பிதான் முனகியது.

"நாளன்னிக்கு விடியல்ல வந்துடு. லேட்டா வந்தா வுட்டுட்டுப் பூடுவேன்."

பிறகுதான் என் பக்கம் திரும்பி, எந்த ஆட்டம் இதைச் செய்தது என்று கேட்டார். நான் செங்கல் சுவரிலிருந்து தொடங்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். மணிவண்ணன் முந்திக்கொண்டு திரையைக் காட்டினார். வீரன் இன்னும் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். சித்தப்பா சற்றுநேரம் உற்றுப்பார்த்தார்.

"இதுக்கா அக்கா அக்கான்னு இந்தக் கடையையே சுத்தின? இவன் இன்னாத்தடா தொலைச்சான்?"

உலகின் மிகச் சிறந்த ஆட்டம் டாங்கி ஆட்டம்தான் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை, ஆனால் யாரும் அவிழ்க்க முடியாமல் ஜன்னலோடு கட்டிக் கிடக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை.